செலவு குறைந்தால் தலைவலி

போன ஞாயிறு அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஏண்டி, குரலே சரியில்ல?" என்றாள். "ஆபீஸ்ல செலவு குறைஞ்சு போச்சும்மா, அதான்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "குறைஞ்சா நல்லதுதானடி?" என்றாள் அப்புறம்.

மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடம் வவுச்சர் டிக் அடித்தவள் நான். டெக்சாஸில் ஒரு சின்னப் பள்ளி மாவட்டத்தின் கணக்குப் பிரிவில் சேர்ந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. (இங்கே மாவட்டம் என்றால் கலெக்டர் மாவட்டம் இல்லை. சில பள்ளிகள், அவற்றுக்கென்று ஒரு போர்டு, அதற்கென்று தனி சொத்து வரி. எங்களுடையதில் ஐந்து பள்ளிகள்.)

மாற்றுத்திறன் பிள்ளைகளின் படிப்புக்கு மத்திய அரசு பணம் தருகிறது. 1975இல் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்துப் போட்ட சட்டம். இப்போதைய பெயர், ஆங்கிலச் சுருக்கத்தில், ஐடியா (IDEA). ஒரு மாணவருக்கு நாடு முழுக்க ஆகும் சராசரிச் செலவில் 40 சதவீதம் வரை தருவோம் என்றார்கள் அன்று. இன்று வந்து சேர்வது 15 சதவீதத்துக்கும் கீழே. மீதியெல்லாம் மாநிலப் பணமும் ஊர்க்காரர்களின் வீட்டு வரியும்தான்.

தருவது கொஞ்சம், நிபந்தனை மட்டும் பெரிசு. மத்தியப் பணம் வருகிறதே என்று உங்கள் கைக்காசைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. போன வருடம் உள்ளூர், மாநிலப் பணத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவழித்தீர்களோ, குறைந்தது அவ்வளவு இந்த வருடமும் செலவழித்திருக்க வேண்டும். ஆபீஸில் இதை எம்.ஓ.இ. (மெயின்டெனன்ஸ் ஆஃப் எஃபர்ட்) என்போம். கணக்கை நான்கு விதமாகப் போடலாம்: உள்ளூர்ப் பணம் மட்டும், உள்ளூரும் மாநிலமும் சேர்த்து, அப்புறம் இந்த இரண்டையுமே பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து. நான்கில் ஒன்றில் தேறினால் போதும்.

எங்களுக்கு ஆகஸ்ட் 31இல் வருடம் முடிகிறது. முடிந்த கணக்கை எடுத்துப் பார்த்தால் மூன்று இடத்தில் பள்ளம்.

முதல் பள்ளம், முப்பது வருடம் வேலை பார்த்த ஒரு சிறப்பாசிரியை ஓய்வு பெற்றது. கேக் வெட்டி, கண் கலங்கி அனுப்பிவைத்தோம். அவர் இடத்துக்கு வந்தவர் கல்லூரி முடித்த சின்னப் பெண். சம்பளம் 18,000 டாலர் குறைவு. நல்லவேளை, தானாக விலகிய ஆசிரியரால் வந்த குறைவுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஓய்வுக் கடிதம், புதியவரின் நியமனக் கடிதம், இரண்டு பேரின் சம்பள விவரம் என்று ஒரு ஃபைல் போட்டேன்.

இரண்டாவது, நாள் முழுக்கத் தனி நர்ஸ் தேவைப்பட்ட ஒரு பையன். குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. மிக அதிகச் செலவு பிடிக்கும் பிள்ளை இடம் மாறினால் அதற்கும் விலக்கு இருக்கிறது. இன்னொரு ஃபைல்.

மூன்றாவதுதான் வினை. பேச்சுப் பயிற்சி தரும் நிறுவனத்தோடு எங்கள் சூப்பரிண்டெண்ட் (பள்ளி மாவட்டத்தின் தலைமை அதிகாரி) பேரம் பேசி, மணிக்கு 9 டாலர் குறைத்திருந்தார். அதே பயிற்சி, அதே நேரம். போர்டு கூட்டத்தில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அசடு மாதிரி. விலக்குப் பட்டியலை மேலிருந்து கீழாக எத்தனை முறை படித்தாலும் பேரம் பேசி மிச்சம் பிடித்ததற்கு அதில் இடம் இல்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு பிரின்சிபல் வந்தார். "224இல் பணம் மிச்சம் இருக்காமே, என் உதவி ஆசிரியையின் சம்பளத்தை அங்கே மாற்றிவிடுங்களேன்." 224 என்பது எங்கள் கணக்கில் அந்த மத்தியப் பணத்தின் எண். மிச்சம் இருந்தது உண்மைதான். அதைச் செலவழிக்க 27 மாதம் வரை அவகாசமும் உண்டு. ஆனால் அந்தச் சம்பளத்தை 224இல் போட்ட மறுநிமிடம் அது எங்கள் கைக்காசுச் செலவிலிருந்து மறைந்துவிடும், பள்ளம் இன்னும் ஆழமாகும். படம் போட்டு விளக்கினேன். பாதி புரிந்த முகத்தோடு போனார்.

ஏற்கெனவே 224இல் சம்பளம் வாங்குகிறவர்களோடு இன்னொரு பாடு. முழு நேரமும் இந்த வேலைதான் பார்த்தேன் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்த பிறகுதான் போட வேண்டும், முன்கூட்டிப் போடக் கூடாது. போன டிசம்பரில் ஒரு உதவியாளர், லீவுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில், 31ஆம் தேதி வரைக்குமான தாளில் 12ஆம் தேதியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஜனவரியில் புதுத் தாளோடு வகுப்புக்கே போனேன். தரையில் உட்கார்ந்து ஒரு பையனுக்கு ஷூ லேஸ் கட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். முடிச்சு அவிழ அவிழ அவன் திரும்பத் திரும்பப் போட்டான். பத்து நிமிடம் நின்றேன். இரண்டு காதும் சமமாக ஒரு முடிச்சு விழுந்த பிறகுதான் பேனாவை வாங்கினார். அதற்குள் வேறு என்ன வேலை பார்த்தார் என்று எந்த ஆடிட்டர் கேட்டாலும் நானே சாட்சி.

சரி, எம்.ஓ.இ.யில் தோற்றால் என்ன ஆகும்? எவ்வளவு குறைந்ததோ அந்தத் தொகையை மத்தியப் பணம் அல்லாத சொந்தப் பணத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்த வருட இலக்கும் இறங்காது. தோற்காமல் இருந்திருந்தால் என்னவோ அதே. மாநிலங்களுக்கும் இதே மாதிரி விதி இருக்கிறது. எங்கள் டெக்சாஸே 2012இல் அதில் மாட்டியது. பற்றாக்குறை 3 கோடியே 33 லட்சம் டாலர். 'எங்கள் சூத்திரப்படி பிள்ளைகளின் தேவை குறைந்தது, அதனால் பணமும் குறைந்தது' என்று மாநிலம் வாதாடிப் பார்த்தது. 2018இல் ஐந்தாவது சர்க்யூட் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

இதே மாநிலம்தான் 2004 முதல் பல வருடம், சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 8.5 சதவீதத்துக்கு மேல் போகாத மாவட்டங்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. தேவைப்பட்ட பிள்ளைகள் வாசலிலேயே நின்றுபோனார்கள். 2016இல் பத்திரிகையில் வெளிவந்து, 2018 ஜனவரியில் மத்தியக் கல்வித்துறை அது சட்டமீறல் என்று சொன்னது. அதைப் படித்ததிலிருந்து எம்.ஓ.இ.யை வாய்விட்டுத் திட்ட வருவதில்லை. சூப்பரிண்டெண்டின் 9 டாலருக்காக மட்டும் மனசுக்குள் திட்டிக்கொள்கிறேன்.

விலக்கு இரண்டையும் கழித்த பிறகும் மொத்தக் கணக்கில் தோல்விதான். சுமார் 19 லட்சம் டாலரில் 6,400 குறைந்தது. தலைக்கணக்குக்குப் போனேன். பிள்ளைகள் 212இலிருந்து 209 ஆகியிருந்தார்கள். வகுத்தால் தலைக்கு 98 டாலர் கூடுதல். தேறிவிட்டோம். மூன்று பிள்ளைகள் குறைந்ததற்கு நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புது வருடத்துக்கான தலை எண்ணிக்கை அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை எடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் சிறப்புக் கல்வி டைரக்டர் என் மேஜைக்கு வந்து நின்றார். எண்ணி முடித்த பிறகு புதிதாக ஒரு பையன் சேர்ந்திருக்கிறானாம், நாள் முழுக்க நர்ஸ் வேண்டுமாம். இந்த வருடக் கணக்கில் நர்ஸின் சம்பளம் வரும், பையன் வரமாட்டான்.