நுவரெலியாவிலிருந்து கொழும்போடு கடிகாரம் ஒப்பிடுவது

2025 ஏப்ரலில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போன ஏசஸ் என்ற அணுக்கடிகாரத் தொகுதியில் லேசர் இணைப்பும் உண்டு. தரையிலிருந்து விட்ட துடிப்பு அங்கே விழுந்த கணம் பதிவாகும். அதே துடிப்பு தெறித்துத் தரைக்கும் திரும்பும். புறப்பாட்டுக்கும் வரவுக்கும் நடுவான நேரத்தை அந்தப் பதிவோடு ஒப்பிட்டால் கடிகார வித்தியாசம் கிடைத்துவிடும். அருமையான முறைதான், ஆனால் மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். நுவரெலியா மூட்டத்துக்கு அது சரிவராது. நாங்கள் செய்வது ஜிபிஎஸ் பொதுப்பார்வை: இரண்டு ஊரிலும் ஒரே செய்மதியை ஒரே 13 நிமிடம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தோடு அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது. செய்மதிக் கடிகாரத்தின் பிழை அதில் போய்விடும். மேல்வளியில் மின்னூட்டம் கொண்ட அடுக்கான அயனமண்டலத்தின் தாமதமும் பெரும்பாலும் போய்விடும், ஆனால் பொழுதுசாய்ந்த பிறகு எடுத்த அளவுகளை அவ்வளவாக நம்ப முடியாது; பூமியின் காந்த நடுக்கோடு பக்கத்தில் இருப்பதால் சிக்னல் ஏறி இறங்கித் தடுமாறும்.

நம் ருபீடியம் அணுக்கடிகாரம் செக்கனுக்கு ஒன்றாக விடும் துடிப்பை, நேர இடைவெளியை அளக்கும் கவுண்டரின் தொடக்கத்துக்கும், ஜிபிஎஸ் ரிசீவரின் துடிப்பை முடிவுக்கும் கொடுக்க வேண்டும். இரண்டு உள்ளீட்டையும் 50 ஓமில் முடித்து, கவுண்டர் துடிப்பை உணரும் மட்டமான ட்ரிகரை 1 வோல்ட்டில் வையுங்கள். முடிக்காவிட்டால் துடிப்பு கேபிளில் எதிரொலித்து எண் குதிக்கும். ரிசீவர் ஒவ்வொரு செக்கனும் தன் துடிப்பின் சில நானோ செக்கன் பிழையைத் தானே சொல்லும். அந்த எண்ணையும் சேர்த்துப் பதியுங்கள்.

அதிகம் கெடுவது அன்டெனாவின் உயரத்தில். வரைபடத்தில் உள்ள கடல்மட்ட உயரத்தை ரிசீவரில் போடாதீர்கள். அது கேட்பது நீள்வட்டத்திண்ம உயரம், அதாவது பூமியின் வடிவத்துக்காகக் கணக்கில் எடுக்கும் வழவழப்பான நீள்வட்ட உருவத்திலிருந்து அளக்கும் உயரம். இலங்கையில் இரண்டுக்கும் ஏறத்தாழ 100 மீட்டர் வித்தியாசம். தலைக்கு மேலுள்ள செய்மதியில் அது 330 நானோ செக்கன், அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் உள்ளதில் அதில் பாதி. இரண்டு பக்கமும் அதே தவறைச் செய்தால் பெரும்பகுதி கழிந்துபோகும், ஒரு பக்கம் மட்டும் செய்தால்தான் வினை. ஒரு நாள் முழுக்க ரிசீவரையே இடத்தை அளக்க விட்டு, பிறகு அந்த இடத்தை மாறாமல் நிலைப்படுத்துவதே நல்லது.

அன்டெனாவின் ஆர்ஜி-58 கேபிளில் தாமதம் மீட்டருக்கு 5 நானோ செக்கன்: 20 மீட்டருக்கு 100. இடி தாங்கி பூட்டினால் அதன் தாமதத்தையும் சேர்க்க வேண்டும். தகரக் கூரையின் ஓரத்தில் அன்டெனாவைக் கட்டினால் தெறித்த சிக்னலும் சேர்ந்து வரும். நல்ல கம்பத்தில் கூரை முகட்டுக்கு மேலே வையுங்கள்.

மலை உயரத்தில் கடிகாரம் வேகமாக ஓடுமே என்று கேட்பார்கள். நுவரெலியாவின் 1,868 மீட்டரில், கடல்மட்டத்தைவிட நாளுக்குச் சுமார் 17.6 நானோ செக்கன். ருபீடியத்தின் சொந்த விலகல் அதைவிடப் பல மடங்கு, அதனால் தெரியாது. அதைப் பார்க்க சீசியம் அணுக்கடிகாரமும், கரண்ட் போனாலும் நிற்காத பேட்டரியும் வேண்டும்.