மீன்வலை கட்டிய வளையம்

இன்று சாயங்காலம் பாம்பனில், வலை உலர்த்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் தனியாகக் கூடைப்பந்து எறிந்துகொண்டிருந்தான்.

பனை மரத்தில் அறைந்த பலகை. அதில் ஒரு இரும்பு வளையம். வளையத்தில் பழைய மீன்வலைத் துண்டு, கண்ணி கண்ணியாக அழகாக முடிச்சுப் போட்டு. "அப்பா கட்டிக் குடுத்தாங்கண்ணே."

நேரே வளையத்துக்குப் போடவே இல்லை. ஒவ்வொரு பந்தும் பலகையில் பட்டுத்தான் விழுந்தது.

"கச்சான் காத்துக்கு நேரா போட்டா வெலகிரும்ணே."

எனக்கு அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டிம் டங்கன் ஞாபகம். பலகையில் பட்டு விழும் பந்துதான் அவருடைய அடையாளமும்.

அவரும் தீவுக்காரர். கரீபியன் கடலில் செயின்ட் குரோய். நீச்சல்தான் அவர் கனவு. 1989-இல் ஹியூகோ புயல் தீவின் நீச்சல் குளத்தை நாசமாக்கியது. கடலில் நீந்தச் சுறா பயம். தனுஷ்கோடியைப் புயலுக்குக் கொடுத்த நமக்கு இது புரியும்.

அடுத்த வருடம், அவருடைய 14-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், அம்மா புற்றுநோயில் இறந்துபோனார்.

அப்புறம்தான் கூடைப்பந்து. கல்லூரியை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக, பெரும் பணம் காத்திருந்தும் நான்கு வருடமும் படித்தார். என்னை உலுக்குவது இதுதான், கோப்பைகள்கூட அப்புறம்தான்.

1997-இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற தொழில்முறை அணி. 19 சீசன், 5 சாம்பியன் பட்டம், கடைசிவரை அதே அணி.

"இருட்டிருச்சு, வாய்யா" என்று வீட்டிலிருந்து குரல் வந்தது.

"இன்னும் ஒண்ணும்மா" என்றான். பந்து பலகையில் பட்டது.