கிராம்ஃபோர்டில் ஒரு மில்காரர் பேத்தி

இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் குடியேறப் போகிறோம் என்றதும் ஊரில் எல்லாரும் பச்சைப் புல்வெளி, ஆட்டு மந்தை, அமைதி என்றுதான் பேசினார்கள். கிராம்ஃபோர்டில் அதெல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்த ஊரை ஊராக்கியது பஞ்சு. உலகத்தில் தண்ணீர் விசையால் ஓடி, லாபத்தோடு நிலைத்து நின்ற முதல் பஞ்சாலை இங்கேதான் எழுந்தது. வருடம் 1771.

எனக்கு டார்பியில் நர்ஸ் வேலை, கணவருக்கு மேட்லாக்கில் வேலை. இரண்டு ஊரையும் இணைக்கிற ரயில் பாதையில் வாடகை கட்டுப்படியாகிற இடமாகத் தேடி இங்கே வந்து சேர்ந்தோம். வந்த புதிதில் எல்லாருக்கும் உள்ள பாடுதான் எங்களுக்கும். குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். கல் சுவர் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வேண்டுமென்றால் டார்பி நார்மன்டன் ரோடு வரை போக வேண்டும். இதையெல்லாம் பழகிக்கொள்ளலாம். மனசு ஒட்டாததுதான் பெரிய விஷயம். ஒட்ட வைத்தது இந்த ஊரின் கதை.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரி. பாபநாசம் மலையடிவாரம். தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே நூற்பாலை வைத்தார்கள். என் தாத்தா அந்த மில்லில் வேலை பார்த்தவர். சங்கு ஊதினால் ஊரே எழுந்திருக்கும், சங்கு ஊதினால் சோறு வைப்பார்கள். ஆற்றங்கரை, மலை, மில், மில்லைச் சுற்றி வரிசை வீடுகள் என்று வளர்ந்தவளுக்கு, ஆற்றங்கரையில் குன்றுகளுக்கு நடுவே மில்லும் வரிசை வீடுகளுமாக இருக்கிற கிராம்ஃபோர்டு எப்படி அந்நியமாக இருக்கும்? அம்மாவிடம் போனில் சொன்னேன். "அங்கயும் மில்லுதானாட்டி? மில்ல விட்டு மில்லுக்கா போயிருக்க!" என்று ஆச்சரியப்பட்டார்.

ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732-இல் பிரஸ்டனில் பிறந்தவர். முடிதிருத்துகிற தொழில், அப்புறம் பொய்முடி செய்து விற்கிற தொழில். ஜான் கே என்ற கடிகாரக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நூற்கும் இயந்திரம் ஒன்றை உருவாக்கி 1769-இல் காப்புரிமை வாங்கினார். அதன் சூட்சுமம் உருளைகளில் இருக்கிறது. முதல் ஜோடி உருளை மெதுவாகச் சுற்றும், அடுத்தடுத்த ஜோடிகள் இன்னும் வேகமாகச் சுற்றும். நடுவில் போகிற பஞ்சு இழுபட்டு மெலியும், பிறகு கதிர் என்கிற சுழலும் தண்டில் முறுக்கேறும். அதுவரை இங்கிலாந்தில் பருத்தி நூலுக்குப் பாவாக, அதாவது துணியின் நீளவாட்டு இழையாக, நிற்கிற வலு இல்லாததால் பாவுக்கு ஆளிச்செடி நாரிலிருந்து எடுத்த லினன் நூலையும், குறுக்கே ஓடுகிற ஊடைக்கு மட்டும் பருத்தியையும் போட்டு நெய்தார்கள். ஆர்க்ரைட்டின் இயந்திரம் பாவுக்கே தாங்குகிற பருத்தி நூலைத் தந்தது. நாட்டிங்காமில் குதிரைகளை வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் என்ற இரண்டு பங்காளிகளோடு கிராம்ஃபோர்டுக்கு வந்தார்.

ஏன் இந்த மூலைக்கு வந்தார்? தண்ணீருக்காக. இந்த மலைகள் முழுக்க ஈயச் சுரங்கங்கள். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை வெளியேற்ற மலைக்குள் நீண்ட வடிகால் வெட்டி வைத்திருந்தார்கள். பூமிக்குள்ளிருந்து வருவதால் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் வெதுவெதுப்பு இருக்கும், கடுங்குளிரிலும் உறையாது. ஓடைகள் உறைகிற மாதங்களிலும் சக்கரம் சுற்றும் என்று கணக்குப் போட்டார். ஊருக்குள் சாலையோரம் 'கரடிக் குழி' என்று இவர்கள் சொல்கிற ஒரு கல்குழி இருக்கிறது. 1785-இல் வடிகால் தண்ணீரைத் தடுத்து மில் குளத்துக்குத் திருப்ப ஆர்க்ரைட் கட்டியது. அந்தக் குளத்தில் இன்று வாத்துகள் நீந்துகின்றன, ஓரமாக நின்று பிள்ளைகள் தீனி போடுகிறார்கள்.

1771 டிசம்பரில் டார்பி பத்திரிகையில் வந்த வேலை விளம்பரம் பற்றிப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முதலில் கேட்டது கடிகாரம் செய்கிறவர்களை. பல்சக்கரம் தெரிந்த ஆள் வேண்டும் இல்லையா, அதற்காக. கூடவே, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நிரந்தர வேலை உண்டு என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்றால் ஏழு வயதுக் குழந்தைகளும்தான். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம். ஜோசப் ரைட் என்ற டார்பி ஓவியர் இந்த மில்லை இரவில் வரைந்திருக்கிறார். நிலா வெளிச்சத்தில் மலைகள், நடுவே ஜன்னல் ஜன்னலாக எரிகிற விளக்குகள். பார்க்க அத்தனை அழகு. எனக்கோ ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் தூங்க வேண்டிய வயதில் இழை முடிகிற விரல்கள்தான் கண்ணில் படுகின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் நார்த் ஸ்ட்ரீட். மில் தொழிலாளர்களுக்காக 1776-இல் எதிரும் புதிருமாகக் கட்டிய இரண்டு வரிசை வீடுகள். மணற்கல் சுவர், மூன்று தளம், தளத்துக்கு ஒரே ஒரு அறை. மேல் தளத்தை அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் மட்டும் நீளமாக இருக்கும். தறிக்கும் பின்னல் சட்டத்துக்கும் வெளிச்சம் வேண்டுமே. பெண்களும் பிள்ளைகளும் மில்லில் நூற்றார்கள், ஆண்கள் வீட்டு மாடியில் வேலை செய்தார்கள். தெருவின் கோடியில் 1832-இல் எழுந்த பள்ளிக்கூடம். இதில் எதுவும் காட்சிக்கு வைத்த பொருளாக இல்லை. வாசலில் குப்பைத் தொட்டி, ஜன்னலில் பூந்தொட்டி, கதவருகே பிள்ளைகளின் ரப்பர் பூட்ஸ் என்று மக்கள் இன்னும் குடியிருக்கிறார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய லைன் வீட்டில் இன்றும் சமையல் வாசனை வருகிறது. இப்படிக் காப்பாற்றுவதுதான் காப்பாற்றுவது என்று நான் நினைக்கிறேன்.

மில்லின் முகப்பு வேறு மாதிரி. சாலைப் பக்கச் சுவரில் கீழ் மட்டத்தில் ஜன்னல் அரிது, கோட்டை போல நிற்கும். காரணம் இருந்தது. 1779-இல் லங்காஷயரில் ஆர்க்ரைட்டுக்குச் சொந்தமான ஒரு மில்லைக் கையால் நூற்றுப் பிழைத்தவர்கள் திரண்டு வந்து அழித்தார்கள். கிராம்ஃபோர்டிலும் காவலுக்குத் துப்பாக்கியும் பீரங்கியும் தயாரானது. அவர் காப்புரிமை 1785-இல் நீதிமன்றத்தில் ரத்தானது, அடுத்த வருடமே சர் பட்டம் வந்தது. 1792-இல் இறந்தபோது நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். மில் நிர்வாக முறையோ அவரோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் ராட்டிங்கன் அருகே ஒருவர் இதே மாதிரி ஆலை வைத்து அதற்கும் கிராம்ஃபோர்டு என்றே பெயரிட்டார். ஸ்ட்ரட்டிடம் தொழில் பழகிய சாமுவேல் ஸ்லேட்டர் 1789-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறி அங்கே நூற்பாலைத் தொழிலைத் தொடங்கிவைத்தார்.

தண்ணீரால் வந்த மில், தண்ணீராலேயே தளர்ந்தது. ஈயச் சுரங்கக்காரர்கள் இன்னும் ஆழமாக ஒரு வடிகால் வெட்ட, மில்லுக்கு வந்த தண்ணீர் அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டது. வழக்கு நடந்தது. சுரங்கத்தை உலர்த்துவதற்காக மனிதர்கள் வெட்டிவிட்ட தண்ணீர்மேல் மில்காரர் நிரந்தர உரிமை கோர முடியாது என்று 1839-இல் தீர்ப்பானது. 1840-களில் நூற்பு ஒடுங்கியது. பிறகு பீர் வடிப்பு, சலவை, கடைசியில் சாயப்பொடித் தொழிற்சாலை என்று கட்டடங்கள் கை மாறின. 1890-இல் ஒரு மில் தீயில் போயிற்று. 1979-இல் ஆர்க்ரைட் சங்கம் வளாகத்தை விலைக்கு வாங்கி, சுவரிலும் மண்ணிலும் ஊறியிருந்த சாய நஞ்சை வருடக்கணக்கில் சுத்தம் செய்தது. 2001-இல் இந்தப் பள்ளத்தாக்கு மில்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

இங்கே வருகிறவர்களிடம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டு. நம் சோழமண்டலக் கரைத் துணிக்காகத்தான் ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் கால் ஊன்றினார்கள். நெசவாளர்களைக் குடிவைக்கவே 1734 வாக்கில் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினார்கள். இந்தியத் துணி இங்கே அத்தனை விரும்பப்பட்டதால் உள்ளூர் கம்பளிக்காரர்கள் கொதித்து, அச்சிட்ட பருத்தித் துணி உடுத்துவதற்கே 1721-இல் சட்டம் போட்டுத் தடை வாங்கினார்கள். ஆர்க்ரைட்டின் பங்காளிகள் முயன்று 1774-இல் இங்கே நூற்று நெய்த முழுப் பருத்தித் துணிக்கு அனுமதி பெற்றார்கள். அடுத்த நூற்றாண்டில் மில் நூல் கப்பலேறி நம் கரைக்கே வந்து இறங்கியது. கைராட்டை நூற்ற பெண்களின் பிழைப்பு போனது. இன்னொரு பக்கம், இந்த மில்களுக்குப் பஞ்சு விளைவித்ததில் பெரும்பங்கு கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அடிமைப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்களின் உழைப்பு. நார்த் ஸ்ட்ரீட் பிள்ளையும் ஜமைக்கா அடிமையும் சிந்தாதிரிப்பேட்டை நெசவாளியும் ஒரே நூலில் கட்டுண்டவர்கள். அந்த நூலை முழுசாகக் காட்டினால் இந்த ஊரின் பெருமை குறையாது.

வசந்தத்தில் பக்கத்து ஊரான வெர்க்ஸ்வொர்த்தில் கிணற்று அலங்காரம் நடக்கும், பூவிதழ்களால் படம் அமைத்து வைக்கிற விழா. 1827-இல் குழாய்த் தண்ணீர் வந்த நன்றிக்குத் தொடங்கியதாம். மரப்பலகையை ஊறப்போட்டு, உப்புப் போட்டு மிதித்த களிமண்ணை அதில் அப்புவார்கள். படத்தின் கோட்டைக் குத்திவிட்டு, கோட்டுக்குள் இதழ்களைக் கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிற மாதிரி பதிப்பார்கள். அப்போதுதான் மழைத்தண்ணீர் வழிந்து ஓடும். எனக்குக் கொடுத்தது நீலப்பூ இதழ். என் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்கிறார், எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.

அவர் இளம் வயதில் மேசன் மில்லில் வேலை பார்த்தவர். டெர்வென்ட் ஆற்றின் மேலேயே 1783-இல் ஆர்க்ரைட் கட்டிய செங்கல் மில் அது. பின்னாளில் இங்கிலீஷ் சோயிங் காட்டன் கம்பெனி அங்கே தையல் நூல் செய்தது, 1991 வரை ஓடியது. எங்கள் ஊர் மில்லும் பிறகு மதுரா கோட்ஸ் ஆகித் தையல் நூலுக்குப் பெயர் வாங்கியதுதான். அவர் பேசும்போது குரல் ஓங்கியிருக்கும், எதிராளியின் உதட்டையே பார்ப்பார். தாத்தாவும் அப்படித்தான். இயந்திரச் சத்தத்தில் காது மங்கிப்போனவர்களின் பேச்சு. தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வீடு திரும்பியதை அவர் சொன்னதும், தாத்தா வாசலில் நின்று துண்டால் தலையைத் தட்டிவிட்டு உள்ளே வருவதை நான் சொன்னேன். அன்றைக்குப் பலகை வேலை முடிந்தும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அவரிடம் இன்னும் கேள்விகள் இருக்கின்றன. ஒரு ஆளுக்கு எத்தனை கதிர் பார்க்கக் கொடுப்பார்கள்? இரவு ஷிப்டில் டீ உள்ளேயே வருமா, வெளியே போய்க் குடிக்கணுமா? பெண்களை எந்தப் பகுதியில் போட்டார்கள், சம்பளம் ஆண்களுக்குச் சமமா? அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். தாத்தாவோடு வேலை பார்த்தவர்களில் இன்னும் இருக்கிற ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டு, குரலைப் பதிவு செய்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.