ஜப்பான்ல கேம் கன்சோல் வாங்கப் போறீங்களா? விலைய அப்புறம் பாருங்க, மொதல்ல அக்கவுண்ட்ட பாருங்க

"ஜப்பான் போறோம், அங்க நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 ரொம்ப சீப்பாமே, புள்ளைக்கு ஒன்னு வாங்கிட்டு வந்திரட்டா?" இந்தக் கேள்விக்கு ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக்கிட்டு இருக்கேன், அதுக்குப் பதிலா இங்கயே விவரமா எழுதி வச்சிட்டா லிங்க் மட்டும் அனுப்பிடலாம். ஸ்கூல் லீவு விட்டா போதும், கேஎல்லேர்ந்து ஒசாக்காவுக்கும் தோக்கியோவுக்கும் நம்ம ஆளுங்க குடும்பத்தோட கெளம்பிடுறாங்க, யென் வேற கொறஞ்சு கெடக்கு, கடைக்குள்ள போயி அந்த வெலைய பாத்தா யாருக்குமே கை சும்மா இருக்காது. வாங்குறது தப்பே இல்ல. ஆனா முன்னாடி எல்லாம் வெளிநாட்டு மெஷின்ல பிரச்சன கரண்ட்லயும் டிவியிலயும் வரும், இப்ப அது மொழியிலயும் அக்கவுண்ட்லயும் வருது, நம்ம ஆளுங்க இன்னமும் பிளக்க பத்தியேதான் கேக்குறாங்க. அதான் எழுதுறேன்.

ஸ்விட்ச் 2லேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நூத்துக்குத் தொண்ணூறு பேரு கேக்குறது அதத்தான். 2025 ஜூன் 5 அது வெளிவந்தப்போ ஜப்பான்ல ரெண்டு வகையா வந்துச்சு. ஒன்னு 49,980 யென், இன்னொன்னு 69,980 யென். அந்த மொத வெலைய மலேசிய வெள்ளிக்கு மாத்திப் பாருங்க, 1,500க்குள்ள வந்திரும், அமெரிக்காவுல 449.99 டாலர் வித்தத அது பக்கத்துல வச்சா கண்ணு அப்படியே விரியும். ஆனா அந்த 49,980 யென் செட்டு ஜப்பான் உள்ளூர் ஆளுங்களுக்காகவே பண்ணது. சிஸ்டம் மொழி ஜப்பானீஸ் மட்டும்தான், செட்டிங்ஸ்ல போயி இங்கிலீஷுக்கு மாத்த வழியே கெடையாது. அது மட்டும் இல்ல, நிண்டெண்டோ அக்கவுண்ட்டுல நாடு ஜப்பான்னு இருந்தாத்தான் அந்த மெஷின்ல லிங்க் ஆகும், மலேசியான்னு இருந்தாலும் சரி அமெரிக்கான்னு இருந்தாலும் சரி, ஏத்துக்காது.

அக்கவுண்ட் நாட்ட மாத்திட்டா போச்சுன்னு சில பேரு சொல்வாங்க. மாத்தலாம், நிண்டெண்டோல அதுக்கு எடம் இருக்கு, வாலட்ல காசு மிச்சம் இல்லாம பாத்துக்கணும் அவ்வளவுதான். மாத்துனதுக்கு அப்புறம் என்னன்னு யோசிக்கணும்ல? ஜப்பான் ஈஷாப்ல, அதாவது நிண்டெண்டோவோட ஆன்லைன் கேம் கடையில, கேம் வாங்கணும், ஆனா 2025 மார்ச் 25லேர்ந்து ஜப்பானுக்கு வெளிய குடுத்த கிரெடிட் கார்டயும், வெளிநாட்டுல தொறந்த பேபால் அக்கவுண்ட்டயும் அங்க எடுக்குறது இல்ல. அப்போ ஜப்பான் பிரீபெய்டு கார்டு வாங்கித்தான் காசு போடணும், அங்க இருக்கும்போது கன்வீனியன்ஸ் கடையில வாங்கலாம், இங்க வந்தப்புறம் ஆன்லைன்ல யார்கிட்டயாவது கூடக் காசு குடுத்து கோடு வாங்கணும். பத்து வயசுப் புள்ளை ஒவ்வொரு கேமுக்கும் இதச் செய்ய முடியாது, நீங்கதான் செய்யணும்.

மொழி விஷயத்த இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகணும், எனக்கு மனசு ரொம்ப அடிச்சுக்கிறது இங்கதான். நம்ம தமிழ்ப்பள்ளிப் புள்ளைங்க தமிழ் படிக்கிறாங்க, மலாய் படிக்கிறாங்க, இங்கிலீஷ் படிக்கிறாங்க, அந்த வயசுலயே மூணு மொழிய வச்சு சமாளிக்கிறாங்க. அந்தப் புள்ளை கையில ஒரு எழுத்துகூட படிக்க முடியாத மெஷின குடுத்தா பாவம் இல்லயா? ஓடுற குதிக்கிற கேம்னா எப்படியோ வெளாடிரும், கார் ரேஸ்னா பிரச்சனையே இல்ல. கதை உள்ள கேம், ஆளுங்க பேசுறத படிச்சு அடுத்து எங்க போகணும்னு கண்டுபிடிக்கிற கேம்னா அப்படியே நின்னுரும். நெறைய கேம் சிஸ்டம் மொழி என்னவோ அதத்தான் எடுத்துக்கும், கேமுக்குள்ளயே மொழி மாத்துற ஆப்ஷன் இருந்தா மட்டும்தான் தப்பிக்கலாம். அதவிட முக்கியமா, எவ்ளோ நேரம் வெளாடலாம், காசு செலவு பண்ணலாமா கூடாதான்னு பூட்டு போட அம்மா அப்பா மெஷின தொறந்தா அங்கயும் ஜப்பான் எழுத்துதான் நிக்கும். ஜப்பானீஸ் படிக்கிற புள்ளைங்களுக்கு, யூனிவர்சிட்டிக்கு அங்க போகணும்னு இருக்குறவங்களுக்கு, அது தங்கமான செட்டு, கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம். மத்தவங்களுக்கு வேணாம் லா.

அப்போ 69,980 யென் செட்டு? அதுல எல்லா மொழியும் இருக்கு, எந்த நாட்டு அக்கவுண்ட்டும் போகும். ஆனா அத கடையில அடுக்கி வச்சு விக்கல, நிண்டெண்டோவோட சொந்த ஆன்லைன் கடையிலதான், அதுவும் ஆரம்பத்துல குலுக்கல் முறையில, ஏற்கனவே ஸ்விட்ச்ல 50 மணி நேரத்துக்கு மேல வெளாடியிருக்கணும், ஆன்லைன் மெம்பர்ஷிப் ஒரு வருஷமாவது கட்டியிருக்கணும்னு எல்லாம் கண்டிஷன் போட்டாங்க. அஞ்சு நாள் டூர் போறவங்களுக்கு அது ஆகுற காரியம் இல்ல. இன்னொன்னு, அந்த வெலைக்கு வந்துட்டா நம்ம ஊரு வெலைக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் கெடையாது, கேஎல் லோயட் பிளாசாவுல நாலு கடை ஏறி எறங்கி வெல கேட்டு வாங்குனாலே போதும்.

இங்கதான் பல பேரு கொழம்புறாங்க, ஏன்னா 2017ல வந்த பழைய ஸ்விட்ச் அப்படி இல்ல. அத ஜப்பான்ல வாங்குனாலும் இங்கிலீஷ் இருக்கும், நம்ம ஊரு கேம் கார்டும் ஓடும். அதுக்கு முன்னாடி நிண்டெண்டோவோட 3டிஎஸ்ங்கிற கையடக்க மெஷின் காலத்துல மெஷினும் கேமும் ஒரே நாட்டுதா இருக்கணும்னு கட்டிப்போட்டு வச்சிருந்தாங்க, ஸ்விட்ச் வந்துதான் அத அவுத்து விட்டாங்க. எட்டு வருஷமா நம்ம ஆளுங்க கண்ண மூடிக்கிட்டு ஜப்பான்லேர்ந்து ஸ்விட்ச் தூக்கிட்டு வந்தாங்க, ஒரு பிரச்சனையும் இல்ல, அதே பழக்கத்துல இப்பவும் போறாங்க. யென் வெல விழுந்ததால வெளிநாட்டு ஆளுங்க வந்து அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க, சொந்த ஊரு ஜனங்களுக்கு கொறஞ்ச வெலைல கெடைக்காமப் போயிரும், அதுக்காகத்தான் இப்படி ஒரு செட்ட தனியா பண்ணியிருக்காங்கன்னு நான் நெனைக்கிறேன். அவங்க பக்கத்துலேர்ந்து பாத்தா அது நியாயம்தான்.

சோனியோட பிஎஸ்5லயும் (பிளேஸ்டேஷன் 5) இப்ப அதே கதைதான். 2025 நவம்பர் 21 ஜப்பான்ல ஜப்பானீஸ் மட்டும் உள்ள டிஜிட்டல் எடிஷன் (டிஸ்க்கு போட எடம் இல்லாத செட்டு) ஒன்னு 55,000 யென்னுக்கு வந்துச்சு, ஜப்பான் பிஎஸ்என் அக்கவுண்ட் (பிளேஸ்டேஷனோட ஆன்லைன் அக்கவுண்ட்) இருந்தாத்தான் அதுல கேம் வெளாட முடியும். சாதா டிஜிட்டல் எடிஷன் அந்த நேரத்துல அங்க 72,980 யென், ரெண்டும் பாக்க ஒன்னு போலதான் இருக்கும், அதனால பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு போன்ல டிரான்ஸ்லேட் பண்ணிப் பாத்துட்டு காசு குடுங்க, வெல வித்தியாசமே உங்களுக்கு ஒரு சிக்னல்தான். நிண்டெண்டோ மாதிரி இல்லாம பிஎஸ்என் அக்கவுண்ட்டுல நாட்ட ஒரு தடவ போட்டுட்டா அப்புறம் மாத்தவே முடியாது, புது அக்கவுண்ட் தொறக்குறது ஒன்னுதான் வழி, ஆனா பழைய டிராஃபி, வாங்குன கேம் எல்லாம் பழைய அக்கவுண்ட்லயே நின்னுரும்.

டிஸ்க்கு போடுற சாதா பிஎஸ்5 வாங்குனா கேம் டிஸ்க்குக்கு ரீஜன் லாக், அதாவது இந்த நாட்டு மெஷின்லதான் ஓடும்ங்கிற பூட்டு, கெடையாது, நம்ம ஊரு டிஸ்க்கு தாராளமா ஓடும். ஆனா டிஎல்சி இருக்குல்ல, கேமுக்கு மேல தனியா டவுன்லோட் பண்ணிக்கிற எக்ஸ்ட்ரா பகுதி, அது டிஸ்க்கு எந்த ரீஜனோ அந்த ரீஜன் ஸ்டோர்ல வாங்கணும். ஜப்பான் டிஸ்க்க வாங்கிட்டு வந்து மலேசியா ஸ்டோர்ல டிஎல்சி வாங்குனா ஒட்டாது, காசு போனது போனதுதான். இன்னொரு விஷயம், ஜப்பான்ல செகண்ட் ஹேண்டு டிஸ்க்கு ரொம்ப நல்ல கண்டிஷன்ல கெடைக்கும், அள்ளத் தோணும், ஆனா பெட்டி பின்னாடி இங்கிலீஷ் இருக்கான்னு பாக்கணும், சில கேம்ல ரத்தம் வெட்டு குத்து சீன் எல்லாம் ஜப்பான் பதிப்புல கொறச்சிருப்பாங்க. படம் பாக்குறதுக்கும் மெஷின் வேணும்னா, பட டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு இருக்கு, புளூரேல ஜப்பானும் நம்மளும் ஒரே ரீஜன் ஏ, டிவிடில அவங்க 2 நம்ம 3.

சரி, கரண்ட். இத சீக்கிரம் சொல்லிடலாம். ஜப்பான்ல 100 வோல்ட், நம்ம வீட்டுல 240க்குப் பக்கத்துல. ஸ்விட்ச், ஸ்விட்ச் 2 சார்ஜர் ரெண்டுலயும் இன்புட் 100-240 வோல்ட்னு போட்டிருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் எதுவும் வேணாம், தட்டையான ரெண்டு கால் பிளக்க நம்ம மூணு கால் சாக்கெட்டுக்கு மாத்துற அடாப்டர் போதும். அஞ்சு வெள்ளிக்கு பாசார் மாலாம்ல விக்கிற லொடலொட அடாப்டர தயவு செஞ்சு வாங்காதீங்க, சிரிம் ஸ்டிக்கர் (மலேசியத் தர முத்திரை) உள்ளதா, ஃபியூஸ் உள்ளதா பாத்து வாங்குங்க, மணிக்கணக்குல சொருகியே இருக்கப்போற சாமான் அது. எந்த மெஷினா இருந்தாலும் பின்னாடி ஸ்டிக்கர்ல இன்புட் என்னன்னு நீங்களே படிங்க, கடைக்காரர் சொல்றத மட்டும் நம்பாதீங்க.

பழைய மெஷின் தேடுறவங்களுக்குத்தான் கரண்ட் உண்மையிலயே ஆபத்து. நம்மள்ல பாதிப் பேரு ஃபேமிகாம் காப்பியான மைக்ரோ ஜீனியஸ்ல வெளாடி வளந்தவங்கதானே, அகிஹபாராலயோ ஒசாக்கா டென்டென் டவுன்லயோ போயி 1983ல வந்த ஒரிஜினல் நிண்டெண்டோ ஃபேமிகாம பாத்தா நெஞ்சு என்னமோ பண்ணும், அந்த செவப்பு வெள்ளை கலரும், ஒயரோட பக்கத்துல சொருகி வச்ச கன்ட்ரோலரும். வாங்குங்க, நானே வாங்கச் சொல்லுவேன். ஆனா அதோட அடாப்டர் 100 வோல்ட்டுக்கு மட்டும் பண்ணது, நம்ம சாக்கெட்ல நேரா சொருகுனா அடாப்டர் செத்துரும், கூட மெஷினையும் இழுத்துக்கிட்டுப் போகலாம். மொத மொதல்ல வந்த ஜப்பான் பிஎஸ்2ம் அப்படித்தான், அதுல பவர் சப்ளை உள்ளயே இருக்கு, அடாப்டர மாத்தித் தப்பிக்கவும் முடியாது. இதுக்கு வோல்ட்ட கொறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும், புடு பக்கம் ஜாலான் பாசார்ல எலக்ட்ரானிக் சாமான் கடைங்க வரிசையா இருக்கு, அங்க கேளுங்க, வாட்ஸ் எவ்ளோன்னு மெஷின் ஸ்டிக்கர போட்டோ எடுத்துட்டுப் போனா தவுக்கேவே சரியானத எடுத்துக் குடுப்பாரு. டிவி ஒத்துவருமான்னும் பாக்கணும், ஃபேமிகாம் ஆன்டெனா வழியா ஜப்பான் சேனல்ல என்டிஎஸ்சிங்கிற டிவி முறையில சிக்னல் அனுப்புது, நம்ம பழைய டிவி எல்லாம் பால் (PAL) சிஸ்டம், அதனால ஏவி அவுட்புட் மாத்தி வச்ச செட்டா பாத்து வாங்குனா தலவலி இல்ல.

வாரன்டி பத்தி யாரும் கேக்குறதே இல்ல, ஆனா வாங்கி ஆறு மாசத்துல அதான் மொத கேள்வியா வரும். ஜப்பான்ல வாங்குனதுக்கு வாரன்டி ஜப்பான்லதான், இங்க உள்ள சர்வீஸ் சென்டர் எடுத்துக்க மாட்டாங்க. என் ஃபிரண்டு ஒருத்தருக்கு பினாங்குல ஒரு கடையில லோக்கல் செட்டுன்னு சொல்லியே வெளிநாட்டு செட்ட வித்திருக்காங்க, கன்ட்ரோலர் ஸ்டிக் தானா நகர ஆரம்பிச்சு சர்வீஸுக்குக் கொண்டு போனப்பதான் தெரிஞ்சுச்சு, அதனால ஊருக்குள்ள வாங்குனாலும் ரசீதுல லோக்கல் வாரன்டின்னு எழுதி வாங்குங்க. ஸ்டிக் மாத்துறது மாதிரி சின்ன ரிப்பேர் எல்லாம் வெளிக் கடையில செஞ்சிக்கலாம், போர்டு போச்சுன்னாத்தான் கஷ்டம்.

சிங்கப்பூர்ல வாங்குறவங்களுக்கு பிளக்கும் ஒன்னுதான், கரண்டும் ஒன்னுதான், மொழிப் பிரச்சனையும் இல்ல. ஆனா அங்க 9 விழுக்காடு ஜிஎஸ்டி இருக்கு, அத திரும்ப வாங்கணும்னா விமானத்துல திரும்பணும், பஸ் ஏறி ஜொகூர் பாலம் வழியா வந்தா கெடைக்காது, அப்போ கணக்குப் போட்டா லாபம் ஒன்னும் நிக்காது. தமிழ்நாட்டுலேர்ந்து வர்ற சொந்தக்காரங்க கேஎல்ல வாங்கிட்டுப் போக நெனச்சா, வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒன்னுதான், பிளக் மட்டும் மாத்தணும், புளூரே படம் பாக்குறதா இருந்தா இந்தியா ரீஜன் சி, நம்ம மெஷின் ரீஜன் ஏ, அத மட்டும் சொல்லி அனுப்புங்க.

கடைசியா ஜப்பான் வரி. 2026 அக்டோபர் 31 வரைக்கும் பாஸ்போர்ட்ட காட்டுனா கடையிலயே 10 விழுக்காடு வரியக் கழிச்சு குடுக்குறாங்க, வரி இல்லாம 5,000 யென்னுக்கு மேல வாங்கணும். 2026 நவம்பர் 1லேர்ந்து அது மாறுது, கடையில முழு வெலையும் கட்டணும், ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் சரிபாத்த அப்புறம்தான் வரி திரும்பி வரும். அதனால வருஷக் கடைசி லீவுக்குப் போறவங்க கையில அந்த 10 விழுக்காட்டையும் சேத்து வச்சுக்குங்க, மெஷின லக்கேஜுல போடாம கைப்பையிலயே வைங்க, ஏர்போர்ட்டுக்கும் வழக்கத்தவிட ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்புங்க.