அப்பாவோட சி70உம் அந்த 47 நாளும்

2020 மார்ச் 16ஆம் தேதி ராத்திரி அப்ப மலேசியப் பிரதமரா இருந்த முஹிடின் யாசின் டிவில வந்து, கொரோனாவுக்காக 18ஆம் தேதிலேர்ந்து நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைன்னு சொன்னப்ப, நான் பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட்ல எங்க வீட்டு வாசல்ல உக்காந்து என்னோட யமஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டருக்கு செயின் ஆயில் போட்டுக்கிட்டு இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை ஏறணும்னு எங்க மோட்டர் செட்டு ஒரு மாசமா பேசி வெச்சிருந்தது. அம்மா உள்ளேர்ந்து "தம்பி, எங்கயும் போகக் கூடாதாம்டா"ன்னு சத்தம் போட்டாங்க. 14 நாளுதானேன்னு நெனச்சேன். மார்ச் 31 முடியறதுக்குள்ள ஏப்ரல் 14ன்னாங்க, அப்புறம் 28ன்னாங்க, அப்புறம் மே 12ன்னாங்க, கடைசில மே 4 கொஞ்சம் தளத்தி விட்டாங்க. எண்ணிப் பாத்தா அது வரைக்கும் 47 நாளு.

மோட்டர் பைத்தியம் புடிச்சவங்களுக்கு வீட்ல இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு அதுல இல்லாதவங்களுக்குப் புரியாது. வாசல்லயே வண்டி நிக்குது, டாங்கி நெறைய பெட்ரோல் இருக்கு, ரோடு காலியா கெடக்கு, ஆனா போக முடியாது. வீட்டுக்கு ஒருத்தர்தான் சாமான் வாங்க வெளிய போலாம், அதுவும் 10 கிலோமீட்டருக்குள்ள. கோலகங்சார் அதைத் தாண்டி, ஈப்போ அதுக்கும் மேல. டவுன் முனையில ரோட் பிளாக், மார்ச் 22லேர்ந்து போலீஸோட ஆர்மிக்காரங்களும் சேந்து நின்னாங்க. ஆனா அந்தப் பத்து கிலோமீட்டர எங்க செட்டுல யாரும் ஏமாத்தல, அதைச் சொல்றதுல எனக்கு சந்தோஷம். கெடைச்ச அந்த ஒரு டிரிப்புல பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பிரஷர் மாத்திரை, எதுத்த வீட்டுக்கு மீன், எல்லாத்தையும் ஒரே ரவுண்டுல வாங்கிட்டு வந்துடுவேன்.

மொத வாரத்துலயே எங்க வாட்ஸ்அப் குரூப்புல எல்லாரும் கேட்டது ஒண்ணுதான், வண்டிய நிப்பாட்டி வெச்சா என்ன ஆகும், தினமும் ஸ்டார்ட் பண்ணணுமா? இத நான் அழுத்திச் சொல்றேன், தினமும் ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றது வண்டிக்கு நல்லது இல்ல. எஞ்சின் சூடாகறதுக்குள்ள நிப்பாட்டினா உள்ள ஈரம் தங்கிடும், எக்ஸாஸ்ட் உள்ளேர்ந்து துரு புடிக்கும், செல்ஃப் ஸ்டார்ட் போட்டு எடுத்த சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பி ஏறாது. வாரத்துக்கு ஒரு தடவ போட்டா போதும், ஆனா நல்லா சூடு ஏற வரைக்கும் விடணும். நடு ஸ்டாண்டு போட்டு நிப்பாட்டணும், இல்லன்னா டயர் ஒரே எடத்துல அமுங்கிக் கெடக்கும். டாங்கி ரொப்பி வெக்கணும், காலி எடம் இருந்தா அங்கதான் தண்ணி கோத்து துரு வரும். ரொம்ப நாளு ஓட்டப் போறதில்லன்னா பேட்டரியோட நெகட்டிவ் ஒயர கழட்டிடணும்.

அந்த வாரத்துக்கு ஒரு தடவைய நாங்க ஞாயித்துக்கிழமை காலையில ஏழரைக்கு வெச்சோம், ஏன்னா எப்பவும் நாங்க கெளம்புற நேரம் அதுதான். அவனவன் வீட்டு வாசல்ல அவனவன் வண்டி. அப்ப வாட்ஸ்அப் வீடியோ கால்ல நாலு பேருக்கு மேல சேர முடியாது, ஏப்ரல் கடைசிலதான் எட்டு பேர் ஆக்குனாங்க, அதனால நாலு நாலு பேரா மாத்தி மாத்திப் பேசுவோம். ரெண்டு சந்து தள்ளி இருக்கற மச்சானோட எல்சி சத்தம் மட்டும் போன்லயும் வரும், ஜன்னல் வழியாவும் வரும். கம்போங்ல இருக்கற அண்ணனோட ஆர்ஜி ஸ்போர்ட் டூ ஸ்ட்ரோக், கணீர்னு கேக்கும். இன்னொருத்தன் ஈப்போவுல ஹோட்டல் வேல, ஹோட்டல மூடிட்டாங்க, சம்பளம் இல்ல, அவன் இஎக்ஸ்5ல பெட்டி கட்டி சாப்பாடு டெலிவரி பண்ண எறங்கிட்டான், காலையில சீக்கிரமே போய்டுவான். அவன் வண்டி சத்தம் மட்டும் எங்க ஞாயித்துக்கிழமைல இருக்காது. அவன் நல்லா இருக்கானான்னு கேட்டுட்டுத்தான் மத்த பேச்சு ஆரம்பிக்கும்.

மோட்டோஜிபி மோட்டர் ரேஸும் இல்லாமப் போச்சு. மார்ச் 8ஆம் தேதி கத்தார்ல மோட்டோ2, மோட்டோ3 மட்டும் ஓடுச்சு, பெரிய கிளாஸ் ரத்து. மார்ச் 29 ரேஸ்காரங்க எல்லாம் அவங்கவங்க வீட்ல உக்காந்து வீடியோ கேம்ல முகெல்லோ ஓட்டுனாங்க, அலெக்ஸ் மார்க்கேஸ் ஜெயிச்சாரு. அதையும் உக்காந்து பாத்தோம். ஜூலை 19 ஹெரெஸ்ல ஃபாபியோ குவார்ட்டராரோ ஜெயிச்சது, நம்ம சேப்பாங் ரேஸ் டிராக் பேர்ல அப்ப ஓடுன பெட்ரோனாஸ் யமஹா டீமுக்கு மோட்டோஜிபில மொத வெற்றி. அந்த வருஷம் நான் கண்ணு கலங்குன ரெண்டு தடவைல அது ஒண்ணு.

இன்னொண்ணு ஏப்ரல்ல.

வீட்டுக்குப் பின்னால எலுமிச்ச மரத்துக்குக் கீழ தார்ப்பாய் போத்தி அப்பாவோட ஹோண்டா சி70 நின்னுக்கிட்டு இருந்தது. அப்பா தவறி ஆறு வருஷம். லிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்துல பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுனவரு, அதுக்கப்புறம் தோட்டம் செம்பனைக்கு, அதான் எண்ணெய்ப் பனைக்கு, மாறுன பின்னால குலை வெட்டுனவரு. விடியறதுக்கு முன்னாடியே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துல ஆள் கணக்கு எடுக்கற எடத்துக்கு, கெளம்பிடுவாரு. "அப்பா வண்டிய இரும்புக்குப் போட்டுடாதே"ன்னு அம்மா சொல்லுவாங்க, நானும் செய்யறேன் செய்யறேன்னு ஒவ்வொரு வருஷமும் தள்ளிக்கிட்டே வந்தேன், ஞாயித்துக்கிழமை ஆனா ஊர் சுத்தப் போய்டுவேன்ல. இப்ப எங்க போறது? ரெண்டாவது வாரம் தார்ப்பாய இழுத்தேன்.

சி70 தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஹோண்டா சூப்பர் கப் 1958ல வந்தது, 2017ல அந்தக் குடும்பத்து வண்டி மொத்தம் 10 கோடி தாண்டிடுச்சு, ஒலகத்துல எந்த மோட்டர் வண்டியும் அவ்ளோ செஞ்சதில்ல. கிளச்சு பிடி கெடையாது, கால்ல கியர் மிதிச்சா தானா விட்டுக்கும். ஜப்பான்ல நூடுல்ஸ் தட்ட ஒரு கையில தூக்கிக்கிட்டு ஓட்டறவங்களுக்கு அது தோதா இருந்துச்சாம், நம்ம தோட்டத்துல பால் வாளி கட்டிக்கிட்டு மண் ரோட்டுல போறவங்களுக்கும் அதே தோதுதான். 72 சிசி, மூணு கியர். முன் பிரேக் புடிச்சா முன் பக்கம் அமுங்காம மேல எழும்பும், அந்த ஃபோர்க்கு அப்படி. சின்ன வயசுல முன்னாடி நின்னுக்கிட்டுப் போறப்ப அப்பா வேணும்னே பிரேக் புடிச்சு என்னைத் தூக்கித் தூக்கி எறக்குவாரு.

டாங்கிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா செங்கல் கலர்ல துரு. வினிகர் ஊத்தி, கையளவு சின்ன கல்லு போட்டு, காலையிலயும் சாயங்காலமும் குலுக்கி, மூணு நாளு வெச்சு, அப்புறம் சோடா மாவு தண்ணி ஊத்திக் கழுவி வெயில்ல காய வெச்சேன். மோட்டர் கடையெல்லாம் மூடியாச்சு. அதனால அப்பாவோட கூட்டாளி ஒருத்தர், பெரியப்பான்னுதான் கூப்புடுவேன், தோட்டத்துல டிராக்டர் ரிப்பேர் பாத்தவரு, இப்ப தைப்பிங்ல மக வீட்ல இருக்காரு, அவருக்குத்தான் போன். அவருக்கு வீடியோ கால் சரியா வராது, வாய்ஸ் மெசேஜ்தான். நான் படம் அனுப்புவேன், அவரு பேசி அனுப்புவாரு. ஆன்லைன்ல வாங்குன கார்ப்பரேட்டர் ரப்பர் ரெண்டு வாரம் கழிச்சு வந்துச்சு, அதுவும் வேற மாடலுக்கு உள்ளது. பழசையே கழுவிப் போட்டேன்.

கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் அளவா போற குட்டிக் குழாய்தான் பைலட் ஜெட்டு, அதுல இருக்கற ஓட்டை, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ஊசி முனை அளவுகூட இல்ல, பழைய பெட்ரோல் பிசினாட்டம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. கம்பி விட்டு நோண்டப் போனேன். பெரியப்பாவோட மெசேஜ் நல்ல வேளையா வந்துச்சு, "தம்பி, கம்பிய விடாத, ஓட்டை பெருசாயிட்டா அந்த ஜெட்டு ஒண்ணுத்துக்கும் ஆகாது, பெட்ரோல்ல ஒரு ராத்திரி ஊற போடு, காலைல சைக்கிள் பம்புல காத்து அடி." அப்படியே செஞ்சேன். மறுநாள் காலையில பம்பு அடிச்சப்ப துளியூண்டு பழுப்புத் தண்ணி தெறிச்சுச்சு, அதுக்கப்புறம் அந்த ஓட்டைல வானம் தெரிஞ்சுது. அப்புறம் ஸ்பார்க் வர்றதுக்காக கரண்ட வெட்டி விடற பாயிண்ட். இடது பக்க மூடிய கழட்டினா ஃப்ளைவீல்ல ஒரு ஜன்னல் இருக்கும், அது வழியாத்தான் பாயிண்ட பாக்கணும், கருத்துப் போய்க் கெடந்துச்சு. மெல்லிசு சாண்ட்பேப்பர்ல தேச்சேன். இடைவெளி அளக்க என்கிட்ட கேஜ் இல்ல. "உங்கப்பன் சிகரெட் பெட்டி அட்டைய விட்டுத்தான் அளப்பான், அட்டை லேசா புடிச்சுக்கிட்டு வரணும்"னாரு பெரியப்பா. அம்மாகிட்ட கேட்டேன், சிகரெட் பெட்டிக்கு எங்க போறதுன்னு. அவங்க ஒண்ணும் சொல்லாம உள்ள போய் அப்பாவோட டூல்ஸ் டின்ன எடுத்துக்கிட்டு வந்தாங்க. அடியில, எண்ணெய் ஊறிப் போன ஒரு அட்டைத் துண்டு, ஒரு பக்கம் மட்டும் கருப்பா வழுவழுன்னு இருந்துச்சு. அதை வெச்சுத்தான் அளந்தேன்.

சித்திரை ஒண்ணு, ஏப்ரல் 14. கோயில் பூட்டிக் கெடந்துச்சு, வீட்லயே சாமி கும்புட்டோம். சாயங்காலம் ஆர்எக்ஸ்இசட்லேர்ந்து குழாய் போட்டு அர லிட்டர் பெட்ரோல் எடுத்தேன். டூ ஸ்ட்ரோக் வண்டி பெட்ரோல்ல ஆயில் கலந்திருக்குமே, சி70க்கு ஆகுமான்னு கேப்பாங்க, ஆர்எக்ஸ்இசட்ல டூ-டி ஆயில் தனி டாங்கில இருந்து பம்புல போகுது, அதனால பெட்ரோல் சுத்தமாத்தான் இருக்கும். உதைச்சேன். பத்து உதை, இருவது உதை. சோக் இழுத்து, விட்டு, இழுத்து, வேர்த்து ஊத்துது. எத்தனாவது உதைன்னு தெரியல, ஒரு தடவ படபடன்னு வந்து நின்னுச்சு, அடுத்த உதைல புடிச்சுக்கிச்சு.

அம்மா அடுப்பங்கரைலேர்ந்து கரண்டியோட வெளிய வந்தாங்க. கதவு நிலைய புடிச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் கேட்டாங்க. "நாலரை மணிக்கு பெரட்டுக்குக் கெளம்புற சத்தம்டா இது"ன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. நான் வண்டிய ஆஃப் பண்ணவே இல்ல, நல்லா சூடேறட்டும்னு விட்டுட்டேன், அவங்களும் அங்கயே நின்னாங்க. அதைப் பதிவு பண்ணி பெரியப்பாவுக்கு அனுப்புனேன். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் பதில் வரல, மறுநாள் காலையில வந்துச்சு, "வால்வு கொஞ்சம் தட்டுது, அடுத்து அதைப் பாப்போம்."

பெயிண்ட் அடிக்கலாம்னு செட்டுல எல்லாரும் சொன்னாங்க, நான் அடிக்கல. பின்னால கேரியர்ல, அப்பா பால் வாளியும் கட்டிப்பால் சாக்கும் கட்டுன எடத்துல, சிந்துன பால் காஞ்சு காஞ்சு பழுப்பா, நகம் வெச்சு அமுக்கினா இன்னமும் லேசா அமுங்குற மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு. மத்த எல்லா எடத்துலயும் அழுக்க எடுத்தேன், அந்த எடத்துல துணிகூடப் போடல.

மே மாசம் தளத்தி விட்ட பின்னால, செட்டா போகக் கூடாதுங்கறதால, தனியாத்தான் கெளம்பினேன். ஆர்எக்ஸ்இசட் வாசல்லயே நின்னுச்சு, சி70தான் எடுத்தேன். லிந்தாங் ரோடு. நாப்பதுக்கு மேல போகல, போகவும் தோணல. ரெண்டு பக்கமும் செம்பனை, நடுவுல எங்கயோ ஒரு துண்டு மட்டும் பழைய பால்மரம், எல வாசம் அடிச்சுது. தோட்டத்துக் கேட்டுக்கு முன்னாடியே நிப்பாட்டிட்டேன், வெளி ஆளு உள்ள போகக் கூடாதுன்னு கயிறு கட்டியிருந்தாங்க. காவலுக்கு இருந்த பெரியவரு மாஸ்க்கோட எட்ட நின்னு என்னையும் வண்டியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. நம்பர் பிளேட்ட வாய்விட்டுப் படிச்சாரு. அப்புறம் அப்பா பேரச் சொல்லி, "அவரு மகனா?"ன்னு கேட்டாரு.