இரண்டே ஷாட்: ஹோமாய் வியாரவாலா

டிசம்பர் 9

இன்று ஹோமாய் வியாரவாலா பிறந்த நாள். 1913, குஜராத்தின் நவ்சாரி. ‘இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர்’ என்று ஒரே வரியில் அவரை முடித்துவிடுகிறார்கள். அந்த வரியில் அவருடைய வேலை தெரிவதில்லை. 1942-இல் டெல்லிக்கு வந்தார், 1970-இல் கேமராவை வைத்துவிட்டார். நடுவில் மவுண்ட்பேட்டன், நேரு, தலாய் லாமா, ஹோ சி மின் என்று எத்தனையோ பேர் அவர் முன்னால் சில நொடிகள் நின்றார்கள். அந்தச் சில நொடிகளில் ஒரு கை செய்தாக வேண்டிய வேலைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 12

அவருடைய கேமரா ஸ்பீட் கிராஃபிக். நான்குக்கு ஐந்து அங்குல ஷீட் ஃபிலிம் (சுருளாக இல்லாமல் தனித்தனித் தாளாக வரும் ஃபிலிம்), அதைச் செருகும் ஹோல்டர் ஒன்றில் முன்னும் பின்னுமாக இரண்டே ஷீட். ஃபிளாஷோடு சேர்த்தால் சுமார் மூன்று கிலோ. புடவையில், கூட்டத்துக்குள், இதைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அவர்.

இருட்டறையில் ஷீட்டைச் செருகும்போது மூலையிலுள்ள வெட்டுக் குறிகளை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஷீட்டை நெட்டுவாக்கில் பிடித்து, குறி மேலே வலது மூலையில் வந்தால் எமல்ஷன், அதாவது ஒளி பதியும் பூச்சு, நம் பக்கம். ஹோல்டரில் ஒரு தூசு இருந்தாலும் பிரிண்டில் கரும்புள்ளி.

களத்தில்: ஃபோகஸ், ஷட்டரை ஏற்று, ஷீட்டை வெளிச்சம் படாமல் மூடியிருக்கும் டார்க் ஸ்லைடை உருவு, கம்பிச் சட்டத்தின் வழியே பார், அமுக்கு. பிறகு ஸ்லைடின் கறுப்பு விளிம்பு (எடுத்தாயிற்று என்பதற்கு அடையாளம்) வெளியே தெரியும்படி திருப்பிச் செருகி, ஹோல்டரைப் புரட்டிப் போடு. ஸ்லைடை உருவ மறந்தால் வெற்று ஷீட். வெள்ளை விளிம்பு தெரியும்படியே செருகிவிட்டால் எடுத்த ஷீட்டின் மேலேயே இன்னொரு படம் விழும், இரண்டும் போச்சு. அவசரத்தில் அதிகம் நடப்பது இதுதான்.

டிசம்பர் 13

‘டால்டா 13’ அவருடைய புனைபெயர். பிறந்தது 1913, வருங்காலக் கணவரைச் சந்தித்தது 13 வயதில், முதல் காரின் எண் டிஎல்டி (DLD) 13, சேர்த்துப் படித்தால் ‘டால்டா’.

டிசம்பர் 20

ஃபிளாஷ் பல்பு ஒரு முறைதான் எரியும். சுட்ட உடனே கழற்றினால் விரல் பொள்ளும். பல்பு முழு வெளிச்சத்துக்கு வர சுமார் 20 மில்லிவினாடி ஆகும். ஷட்டர் அதற்குக் காத்துத் திறக்காவிட்டால் படம் இருண்டுபோகும். அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு) மனக்கணக்குதான்: பல்பின் வெளிச்ச அளவைச் சொல்லும் கைடு எண்ணைத் தூரத்தால் வகுக்க வேண்டும். கைடு எண் 160, ஆள் பத்தடியில் என்றால் எஃப் 16. ஆள் ஓரடி முன்னால் நகர்ந்தாலே கணக்கு மாறிவிடும்.

ஜனவரி 15

2012-இல் இதே நாளில் வதோதராவில் மறைந்தார். பத்ம விபூஷண் வந்தது அதற்கு முந்தைய வருடம்தான், ரொம்பத் தாமதம்.

மேலிருந்து குனிந்து பார்க்கும் ரோலிஃப்ளெக்ஸ் கேமராவும் வைத்திருந்தார். ‘120’ வகை ஃபிலிம் ரோலில் 12 படம். குனிந்து பார்த்து எடுப்பதால் எதிரே நிற்பவரை முறைப்பதுபோல் இருக்காது. ஆனால் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். நடப்பவரைத் தொடரும்போது பழகாத கை எதிர்ப்பக்கம் போய்விடும். ‘புகைப்படம் எடுக்கக் கூடாது’ என்ற பலகைக்குப் பக்கத்தில் நேரு நிற்கும் அவருடைய படத்தில் எனக்குப் பிடித்தது அந்த நேரம் தெரிந்த கண். பலகை எங்கேயும் போகாது, மனிதர் நகர்ந்துவிடுவார்.

ஜனவரி 30

1948-இல் இன்று காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பியவரை, நாளைக்குச் சேர்ந்தே போகலாம் என்று கணவர் திரும்ப அழைத்துக்கொண்டார். கடைசிவரை ஹோமாய் வருந்தியது எடுக்காமல் போன அந்த ஒரு படத்துக்காக.