புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள்

அன்று மாமா வண்டியை நிறுத்திக் கேட்டது புதிதொன்றும் இல்லை. "என்னம்மா, மரத்தடியில உட்கார்ந்து எந்திரிச்சா 319 ரூபாயா?" நானும் சிரித்துக்கொண்டே, "என்ன செய்ய மாமா, சொன்னாக் கேட்டாத்தானே" என்று சொல்லிவிட்டேன்.

நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்த எனக்கு, அவர்கள் ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்று நன்றாகத் தெரியும். கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலில் அன்றைய அளவை வெட்டி முடித்துவிட்டார்கள். காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ என்று செயலியில் ஏற்றினால்தான் வருகை. 2023 ஜனவரியிலிருந்து எல்லா இடத்திலும் அதுதான் விதி. இரண்டாவது போட்டோவுக்குத்தான் காத்திருந்தார்கள். அப்போது ஒரு நாள் கூலியாக இருந்த அந்த 319கூட முழுசாக வராது. ஓவர்சியர் டேப் பிடித்து அளந்து, மண் குறைந்தால் கூலியும் குறையும். இதில் ஒரு வரியை மாமாவிடம் சொல்லியிருக்கலாம்.

ஆனால் எங்கள் வீட்டில் உழுவது அவரிடம் குத்தகைக்கு எடுத்த நிலம். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. களையெடுக்க ஆள் கிடைக்காமல் அவர் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், அவர் பெண்களுக்குக் கொடுக்கிற கூலி ஆண்களுக்குக் கொடுப்பதில் பாதி. இங்கே இரண்டு பேருக்கும் ஒரே கூலி. ஆள் ஏன் வரவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்தானே? இதெல்லாம் ராத்திரி படுத்த பிறகுதான் தோன்றியது.

வண்டி போனதும் அப்பத்தா ஒருவர் கேட்டார்: "நாங்க உன் போட்டோவுக்குத்தானே தாயி உட்கார்ந்திருக்கோம்?"

நான் பதில் சொல்லவில்லை. செல்போனில் சிக்னல் தேடுகிற மாதிரி கரையில் ஏறிவிட்டேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் கூலி நின்றுபோனது. 2024 நவம்பர் கடைசியிலிருந்து பணம் வரவில்லை. 1,056 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதமே எழுதினார். வேலை செய்து பதினைந்து நாளுக்குள் கூலி என்பது சட்டம். அந்த மாதங்களில் மரத்தடியைப் பற்றிப் பேசிய யாரும் பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. இப்போது 2025 டிசம்பரில் வந்த புதுச் சட்டத்தில் 125 நாள் வேலை என்கிறார்கள். கூடவே, விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கலாமாம். மாமாவுக்கு அதில் சந்தோஷம். அவருடைய பேச்சு சட்டம் வரைக்கும் போய்விட்டதோ என்று நினைக்கிறேன். என்னை மாதிரி தலையாட்டியவர்கள் எத்தனை பேரோ. ஒரு ஆள் பேசியிருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும் என்றும் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு போட்டோ எடுக்கும்போதெல்லாம் அப்பத்தா மம்பட்டியைப் பிடித்துக்கொண்டு, "நிக்கவா, உட்காரவா தாயி?" என்று கேட்பார். குத்தலா, வெறும் கேள்வியா, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. "நில்லுங்க அப்பத்தா" என்பேன்.